ஊர் தெரிந்தால் போதும்

கிழக்குக் கரையிலுள்ள கல்முனையில் சூரியன் உச்சிக்கு வருவது கொழும்பைவிட ஏறத்தாழ 8 நிமிடம் முந்தி. நெடுங்கோட்டில் இரண்டு பாகை கிழக்கே இருப்பதால் வரும் வித்தியாசம் இது. லுஹர் தொழுகையின் நேரம் இந்தக் கணக்கைத்தான் பின்பற்றுகிறது. ஆகவே தொழுகை நேரம் சொல்லும் செயலி ஒன்றைத் தொலைபேசியில் இறக்கியதும், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று அறிய அது அனுமதி கேட்பதில் தப்பொன்றும் இல்லை. எவ்வளவு நுணுக்கமாக அறிய வேண்டும் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. கிழக்கு மேற்காக ஒரு கிலோமீற்றர் நகர்ந்தால் தொழுகை நேரம் மாறுவது இரண்டு வினாடி அளவுக்கே. தொழும் திசையான கிப்லாவின் கணக்கும் அப்படித்தான். மக்கா இங்கிருந்து 4,700 கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கிறது. மருதமுனையில் நின்று தொழுபவருக்கும் நிந்தவூரில் நின்று தொழுபவருக்கும் திசையில் வரும் வேறுபாடு ஒரு பாகையில் ஏழில் ஒரு பங்குகூடத் தேறாது. செயலிக்கு ஊர் தெரிந்தால் போதும். எந்த ஒழுங்கையில் எத்தனையாவது வீடு என்பதற்கு வானியலிலும் வேலை இல்லை, மார்க்கத்திலும் வேலை இல்லை. ஆனாலும் தொலைபேசியால் சில மீற்றர் துல்லியத்தில் இடம் சொல்ல முடியும் என்பதனாலேயே பல செயலிகள் அதைக் கேட்டு வாங்கிக்கொள்கின்றன.

வாங்கியதை என்ன செய்தார்கள் என்பது 2020 நவம்பரில் வெளிவந்தது. உலகெங்கும் கோடிக்கணக்கில் இறக்கப்பட்ட 'முஸ்லிம் புரோ' என்ற தொழுகைச் செயலியின் பயனாளர் இருப்பிடத் தரவு 'எக்ஸ்-மோட்' என்ற அமெரிக்கத் தரவு வியாபாரிக்குச் சென்றதையும், அந்த வியாபாரியின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க இராணுவத்தோடு ஒப்பந்தம் செய்தவர்கள் இருந்ததையும் 'மதர்போர்ட்' இதழ் வெளியிட்டது. செயலி நிறுவனம் அந்தத் தொடர்பை முறித்துக்கொள்வதாக உடனே அறிவித்தது. வழிபாட்டிடங்கள், மருத்துவமனைகள் போன்ற இடங்களுக்கு யார் போய் வருகிறார்கள் என்று காட்டும் தரவை விற்கக்கூடாது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் அந்த வியாபாரியைத் தடுத்தது 2024 ஜனவரியில். இந்த விவகாரத்தில் வஞ்சம் ஒருபுறம் இருக்கட்டும். என் கவனம் வேறொன்றில். ஊரின் பெயரை மட்டும் அந்தச் செயலி வாங்கியிருந்தால் விற்பதற்கு அதனிடம் எதுவும் இருந்திருக்காது. தேவைக்கு மேல் பெற்ற நுணுக்கம்தான் சந்தைக்குப் போனது. இருப்பிடத் தொழில்நுட்பத்தின் நன்மைகள் என்று நமக்குச் சொல்லப்படுபவற்றில் பெரும்பகுதியை ஆள் யாரென்று அறியாமலே பெறமுடியும். ஆளை அறிந்தே தீரவேண்டிய தேவைகள் மிகச் சில. அந்தச் சிலவற்றைக் காட்டியே மற்ற எல்லாவற்றுக்கும் நம்மிடம் சம்மதம் வாங்கப்படுகிறது. இதுதான் என் வாதம். இதைச் சோதித்துப் பார்க்க இந்த ஊர்கள் இருக்கும் அம்பாறைக் கரையோரத்தைவிடப் பொருத்தமான இடம் இலங்கையில் குறைவு.

தொழில்நுட்பமே இந்த வாதத்துக்கு முதல் சாட்சி. ஜீபிஎஸ் செய்மதி நம்மைப் பார்க்கிறது என்றுதான் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அது யாரையும் பார்ப்பதில்லை. நேரத்தையும் தன் இடத்தையும் ஓயாமல் அறிவித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். பல செய்மதிகளின் அறிவிப்பைக் கேட்டு, அவை வந்து சேர்ந்த நேர வித்தியாசத்தைக் கொண்டு, தொலைபேசி தன் இடத்தைத் தானே கணித்துக்கொள்கிறது. கேட்பவர் யார், எத்தனை பேர் என்பது செய்மதிக்குத் தெரியாது. இடம் என்ற அறிவு நம் கைக்குள்தான் பிறக்கிறது. செயலிகள் அதை வெளியே அனுப்பும்போதுதான் அது பிறர் சொத்தாகிறது. தொலைபேசி டவரின் கதை வேறு. அழைப்பு எடுத்தாலும், குறுஞ்செய்தி அனுப்பினாலும், இணையத்தைத் திறந்தாலும், எந்த டவரின் எந்தப் பக்கத்திலிருந்து அது நடந்தது என்று நிறுவனத்தின் பதிவேட்டில் ஒரு வரி விழும். கடைகளும் வீடுகளும் நெருக்கியடித்து நிற்கும் கல்முனைக்குடியில் அந்த வரி சில நூறு மீற்றருக்குள் ஆளைச் சுட்டும். சம்மாந்துறைக்கு அப்பால் வயல்வெளியில் டவர்கள் தூரத் தூர நிற்பதால் சில கிலோமீற்றர் என்று அகலும். ஆனால் இதே டவருக்கு இன்னொரு திறமையும் உண்டு. தன் எல்லைக்குள் நிற்கும் எல்லாத் தொலைபேசிகளுக்கும், ஒரு இலக்கம்கூட அறியாமல், ஒரே நேரத்தில் ஒரு செய்தியை ஒலிக்கச் செய்ய அதனால் முடியும். குறுஞ்செய்தி ஒவ்வோர் இலக்கமாகத் தேடிப்போவது. வலையமைப்பு நெரிசலில் திணறும்போது அதுவும் திணறும். இந்த டவர் ஒலிபரப்புக்கு அந்த நெரிசல் தடையில்லை, பட்டியலும் வேண்டாம். ஆக ஒரே டவர், இரண்டு வேலை: மக்களுக்குச் சொல்வது, மக்களைப் பற்றிச் சொல்வது.

கிழக்கு முஸ்லிம் ஊர்களில் முதலாவது வேலையை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டாம். பள்ளிவாசல் ஒலிபெருக்கி அதைத்தான் செய்கிறது. ஜனாஸா அறிவித்தலும், காணாமற்போன பிள்ளையின் அடையாளமும், நீர் வெட்டு நேரமும் அதன் சத்தம் எட்டும் எல்லைக்குள் இருப்பவர் எவருக்கும் போய்ச் சேரும். அந்த மஹல்லாவில் அந்த வேளையில் யார் யார் இருந்தார்கள் என்ற பட்டியல் அறிவிப்பவர் கையில் இராது. விருந்தாளிக்கும் கேட்கும், வழிப்போக்கருக்கும் கேட்கும்.

2004 டிசம்பர் 26 காலை சுமாத்திராவுக்கு அருகே கடலடி நிலம் அதிர்ந்தபின் இந்தக் கரையை அலை தொட ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் எடுத்தது. பூமி அதிர்ந்தது சில நிமிடங்களிலேயே பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையத்தாருக்குத் தெரிந்துவிட்டது. மருதமுனையில் யாருக்கும் தெரியவில்லை. அந்த ஒன்றரை மணி நேரத்தை இந்த ஊர்களுக்குக் கொண்டுவந்து சேர்க்க வழி இல்லாததால் நாட்டின் உயிரிழப்பு 35,000ஐத் தாண்டியது. அதில் 10,000க்கும் மேல் அம்பாறை மாவட்டத்தில் மட்டும்; வேறெந்த மாவட்டமும் இவ்வளவு இழக்கவில்லை. (பிறகு, வடக்கு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று அளந்து சொல்ல அரசுக்கு அதிக நாள் பிடிக்கவில்லை. தடுப்பதற்கான அளவு எப்போதும் விரைவாக வந்துவிடுகிறது.) எச்சரிக்கைக்கென்று நாடெங்கும் கரையோரத்தில் 77 கோபுரங்கள் நிறுவப்பட்டன, உப்புக்காற்றிலும் பராமரிப்பின்மையிலும் அவை ஒவ்வொன்றாகப் பழுதாயின. டவர் ஒலிபரப்பைப் பொறுத்தவரை இலங்கை பின்தங்கிய நாடாக இருக்கவில்லை. டயலொக் நிறுவனமும் மொரட்டுவைப் பல்கலைக்கழகமும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தோடு சேர்ந்து இத்தகைய ஓர் எச்சரிக்கை வலையமைப்பை 2009லேயே தொடங்கிவிட்டன. அமெரிக்காவில் இது நடைமுறைக்கு வந்தது 2012ல். தொலைபேசிவழி எச்சரிக்கை கட்டாயம் என்று ஐரோப்பிய ஒன்றியம் தன் நாடுகளுக்குக் கொடுத்த கெடு 2022 ஜூன். முந்தித் தொடங்கிய நாம் அதை எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான, எந்தத் தொலைபேசியிலும் தானாகவே ஒலிக்கும் ஏற்பாடாக வளர்த்தெடுக்கவில்லை. 2023 அக்டோபர் 20 அன்று தமிழ்நாட்டில் இந்த ஒலிபரப்பால் தொலைபேசிகள் ஒரே நேரத்தில் அலறின. சோதனைக்காகத்தான்.

ஒலிபரப்பு மொட்டையானது, மாவட்டம் முழுவதையும் பதற வைக்கும், இரண்டு தடவை பொய்த்தால் மூன்றாம் தடவை ஒருவரும் அசையமாட்டார்கள் என்று இதற்கு எதிராகச் சொல்வார்கள். 2012 ஏப்ரல் 11ல் அதே திசையில் 8.6 அளவில் பூமி அதிர்ந்தபோது எச்சரிக்கை வந்தது, கரையோரம் காலியானது, பேரலை வரவில்லை. கவலை நியாயமானது என்றாலும் அதற்கு விடை டவரின் எல்லைக்குள்ளேயே இருக்கிறது. காரைதீவிலிருந்து மாவடிப்பள்ளி வழியாகச் சம்மாந்துறைக்குப் போகும் வீதியை எடுத்துக்கொள்வோம். சுனாமி நாளில் கரையோர மக்கள் கடலுக்கு முதுகைக் காட்டி மேற்கே ஓட வேண்டிய வீதிகளில் அதுவும் ஒன்று. மாரி வெள்ளத்தில் அதே வீதியின் மேலாக நீர் பாய்கிறது. 2024 நவம்பர் 26ல் நிந்தவூரிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரஸா மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரம் மாவடிப்பள்ளியில் வெள்ளத்தில் அகப்பட்டது; உயிரிழந்த பிள்ளைகளின் உடல்களை நாட்கணக்கில் தேடினார்கள். ஒருநாள் 'அந்த வீதியால் போ' என்று சொல்ல வேண்டும், இன்னொருநாள் 'அந்த வீதிக்குப் போகாதே' என்று சொல்ல வேண்டும். 'அம்பாறை மாவட்டத்தில் பலத்த மழை பெய்யும்' என்ற வானொலி அறிவிப்பு இரண்டையும் சொல்லவில்லை. அந்த வீதியை மூடும் இரண்டு மூன்று டவர்கள், அந்த மணித்தியாலத்தில், அங்கே நிற்பவர்களுக்கு மட்டும் 'பாலத்தைக் கடக்காதீர்கள்' என்று ஒலித்தால் அக்கரைப்பற்றில் இருப்பவருக்குப் பதற்றமும் இல்லை, மாவடிப்பள்ளியில் நிற்பவருக்குச் சந்தேகமும் இல்லை. மத்ரஸாப் பிள்ளைகளிடம் தொலைபேசி இருப்பதில்லை என்பது உண்மை. ஆனால் வாகனம் ஓட்டுபவரிடமும், வீதியோரக் கடைக்காரரிடமும், பிள்ளைகளை அனுப்பிவைக்கும் உஸ்தாதிடமும் இருக்கிறது. இதில் இடம் கூர்மையாகத் தெரிகிறது. ஆள் தெரிவதே இல்லை. துல்லியம் என்றால் ஆளைத் துல்லியமாக அறிவது என்று எண்ணிக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய குழப்பம் என்பதை இந்த ஒரு வீதியே காட்டிவிடுகிறது.

இனி, கண்காணிப்பின் தரப்பில் சொல்லப்படும் வலுவான வாதம். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் நடந்த படுகொலைக்குப்பின், ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் குண்டுகள் வெடித்தன. கொல்லப்பட்டவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். இப்படிப்பட்ட தாக்குதல்காரர்கள் எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்று தொலைபேசி வழியாக அரசு அறிந்திருக்க வேண்டாமா என்ற கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் என்ன நடந்தது என்பதைப் பார்க்க வேண்டும். தாக்குதல் வரப்போவதை இந்திய உளவுத்துறை ஏப்ரல் 4ஆம் தேதியே இலங்கைக்குத் தெரிவித்திருந்தது. 2023 ஜனவரி 12ல் உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தகவல் கையில் இருந்தும் செயற்படாததற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 100 மில்லியன் ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்றது. பாதுகாப்புப் பொறுப்பில் இருந்த வேறு சிலரும் செலுத்தும்படி பணிக்கப்பட்டார்கள். சாய்ந்தமருது வீட்டைக் காட்டிக்கொடுத்தவர்களோ ஊர்மக்கள். புதிதாகக் குடிவந்தவர்கள்மேல் சந்தேகம் கொண்டு அவர்களே பொலிஸுக்குச் சொன்னார்கள். தோற்றது அறிவு அல்ல, அறிந்ததன்மேல் கைவைக்கும் மனம். அந்த நோய்க்கு மேலும் தரவு மருந்தாகாது. குற்றம் நடந்தபின் துப்புத் துலக்கத் தொலைபேசிப் பதிவு உதவும் என்பதை நான் மறுக்கவில்லை. குறிப்பிட்ட ஆளின்மேல் குறிப்பிட்ட சந்தேகம், நீதிவானின் கட்டளை, கால எல்லை ஆகிய மூன்றும் இருந்தால் அது பொலிஸ் வேலை. மூன்றும் இல்லாமல் ஒரு சமூகம் முழுவதன்மேலும் வலைவீசுவது வேறு வேலை.

'ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லாதவன் ஏன் பயப்பட வேண்டும்' என்பது தேநீர்க்கடைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு. இலங்கையில் வாழ்ந்துகொண்டு இதைச் சொல்பவர்களின் ஞாபகசக்தியைக் கண்டு வியக்கத்தான் வேண்டும். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்த கும்பல்களின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. அந்த இடாப்பில் பெயர் பதிந்தவர்கள் ஒளிப்பதற்கு எதையும் வைத்திருக்கவில்லை, வாக்களிக்கவே பதிந்தார்கள். 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் ஒரு சாப்பாட்டுக்கடையில் கருத்தடை மாத்திரை கலக்கிறார்கள் என்ற வதந்தி போதுமானதாக இருந்தது, கடையையும் பள்ளிவாசலையும் தாக்குவதற்கு. வதந்திக்கே இவ்வளவு செய்யத் தெரிந்தவர்களிடம் யார் எந்தப் பள்ளியில் தொழுகிறார்கள், எந்த வீட்டில் உறங்குகிறார்கள் என்ற நாள்தோறும் புதுப்பிக்கப்படும் இடாப்பு கிடைத்தால் என்னவாகும்? ஒரு நோக்கத்துக்காகத் திரட்டிய பட்டியல் அந்த நோக்கம் முடிந்ததும் தானாக அழிவதில்லை. திரட்டியவர் நல்லவராகவே இருக்கட்டும், அடுத்து அந்த நாற்காலியில் அமரப்போகிறவர் யார் என்று அவருக்குத் தெரியாது. 1990ன் கோடையில் வழியில் மறிக்கப்பட்டும் தொழுகையில் சுடப்பட்டும் ஆட்களை இழந்த கிழக்கு முஸ்லிம் ஊர்களுக்கு இதைக் கற்பனையாக எடுத்துச்சொல்லத் தேவையில்லை.

பெயர்களை நீக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. கொழும்பிலுள்ள லேர்ன் ஏஷியா ஆய்வு நிறுவனம் அடையாளம் மறைத்த தொலைபேசிப் பதிவுகளைக் கொண்டு, பகலில் கொழும்பு மாநகரத்தில் இருப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வெளியிலிருந்து வருபவர்கள் என்று காட்டியது. பஸ் பாதை வகுக்கவும், வீதி திட்டமிடவும், டெங்கு எங்கிருந்து எங்கே பரவும் என்று கணிக்கவும் அத்தகைய கணக்கு பயன்படும். கல்முனை பஸ் நிலையத்தையும் ஆதார வைத்தியசாலையையும் சுற்றித் தினமும் அலைமோதும் கூட்டத்தைப் பற்றி இப்படி ஒரு கணக்கு இருந்தால் மாநகர சபைக்கு உதவும்தான். இங்கே தேவைப்படுவது தொகை, ஆள் இல்லை. மறுபாதியை 2013ல் டி மொன்ஜோய் என்பவரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது: பதினைந்து இலட்சம் பேரின் பெயரில்லாப் பதிவுகளில், ஒருவர் எந்நேரம் எங்கிருந்தார் என்ற நான்கே நான்கு குறிப்புகள் 95 விழுக்காட்டினரைத் தனித்துக் காட்டப் போதுமாயின. அது ஐரோப்பிய நாடொன்றின் கணக்கு. நம் ஊரில் நான்குகூட வேண்டாம். மணமுடித்த ஆண் மனைவி வீட்டில் வாழும் வழக்கமுள்ள இக்கரையில், இரவில் ஒரு வீடு, பின்னேரம் உம்மா வீடு, பகலில் ஒரு கடை, சுபஹுக்கு ஒரு பள்ளி என்று சொன்னாலே இன்ன குடியைச் சேர்ந்த இன்னாரின் மருமகன் என்று முதியவர் ஒருவர் திண்ணையிலிருந்தபடி சொல்லிவிடுவார். ஆகவே பெயரை அழிப்பது காணாது. இடத்தையும் நேரத்தையும் மங்கலாக்க வேண்டும். ஆயிரம் பேரைச் சேர்த்துச் சொன்னால் தொகை, ஒருவரின் நாளைப் பிரித்துச் சொன்னால் வேவு.

உண்மையிலேயே ஆளின் இடம் மீற்றர் அளவில் தெரிய வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது: கடல். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது கன்னியாகுமரி மீனவர்கள் பலர் டவர் எட்டாத ஆழ்கடலில் இருந்தார்கள். எச்சரிக்கை அவர்களைப் போய்ச் சேரவில்லை. தேடியவர்களுக்கும் எங்கே தேடுவது என்று தெரியவில்லை. இயந்திரம் நின்று நீரோட்டத்தில் இழுபட்டுப் போகும் படகின் கதை கல்முனை, சாய்ந்தமருது கரைவலைக்காரருக்கும் ஆழ்கடற்காரருக்கும் புதியதன்று. இலங்கையின் பலநாள் படகுகளில் செய்மதிக் கண்காணிப்புக் கருவி பொருத்தப்பட்டதன் பின்னணி வேடிக்கையானது. சட்டவிரோதமாக மீன்பிடிப்பதைத் தடுக்கவில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015ன் தொடக்கத்தில் இலங்கை மீனுக்குத் தடை விதித்தது. தடை நீங்கியது 2016ல். மீனைக் காப்பாற்ற வந்த கருவி மீனவரைக் காப்பாற்றவும் உதவினால் நல்லது. சிறுபடகுகளுக்கு அந்தக் கருவி இல்லை. இங்கே துல்லியம் வேண்டும் என்று கேட்பவர் கடலில் இருப்பவர். எதற்கென்று அவருக்குத் தெரியும். கரை ஏறியதும் அதை அணைத்துவிடலாம். கட்டாரிலோ சவூதியிலோ உள்ள மகனுக்கு வட்ஸ்அப்பில் ஒரு மணித்தியாலம் இருப்பிடம் பகிரும் உம்மாவும் இதே வகைதான். நான் வகுக்க முயலும் எல்லையை இந்த விதிவிலக்குகள் உடைக்கவில்லை, இன்னும் தெளிவாகக் காட்டுகின்றன: தேடப்படுபவர் தேடச் சொன்னால் மட்டும், தேடல் முடியும்வரை மட்டும்.

அதே கட்டாரில் கொரோனாக் காலத்தில் 'எஹ்தெராஸ்' என்ற செயலி 2020 மே மாதம் கட்டாயமாக்கப்பட்டது. வெளியில் இறங்க அது வேண்டும். அதற்கு இருப்பிட அனுமதி வேண்டும். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் விபரங்கள் வெளியே கசியக்கூடிய ஓட்டை அதில் இருந்ததை அதே மாதம் சர்வதேச மன்னிப்புச் சபை கண்டு சொல்ல, ஓட்டை அடைக்கப்பட்டது. அந்நாட்களிலேயே கூகுளும் ஆப்பிளும் சேர்ந்து வெளியிட்ட முறை, யாருக்கு அருகில் யார் நின்றார் என்பதைப் புளூடூத்தால் தொலைபேசிக்குள்ளேயே குறித்து வைத்தது. எந்த இடத்தில் என்பதைக் கேட்கவே இல்லை. ஒரே நோய், ஒரே தேவை, இரண்டு வடிவமைப்பு. இடத்தைக் கேட்காமலும் வேலை நடக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று தேடவேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்கலாம். 127 நாட்களுக்கு ஒருவரின் டவர்ப் பதிவுகளை எடுத்த வழக்கில், நீதிமன்ற ஆணை இல்லாமல் அப்படி எடுக்கக்கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018ல் கார்ப்பென்ரர் தீர்ப்பில் சொன்னது. இலங்கையில் 2022ன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அது முழுமையாக நடைமுறைக்கு வருவது பின்தள்ளப்பட்டது. தேசியப் பாதுகாப்பு என்ற வாசல் அதில் அகலத் திறந்தே இருக்கிறது. அந்த வாசலை ஒடுக்கும் வழக்கு ஒன்று நம் உயர் நீதிமன்றத்துக்கு என்றாவது போகவேண்டும். அது நீண்ட வேலை.

உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கல்முனை மாநகர சபையும், காரைதீவு, நிந்தவூர், சம்மாந்துறைப் பிரதேச சபைகளும், ஊர்ப் பள்ளிவாசல் சம்மேளனங்களும், கோவில் நிர்வாகங்களும் சேர்ந்து ஒரே கடிதத்தில் கையொப்பமிட்டு, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கும் அனுப்பட்டும். அடுத்த மாரி தொடங்குமுன் மாவடிப்பள்ளி வீதியை மூடும் டவர்களிலிருந்து, எல்லா நிறுவனங்களின் தொலைபேசிகளிலும், தமிழிலும் சிங்களத்திலும் ஒரு சோதனை எச்சரிக்கையை ஒலிக்கச் செய்து காட்டுங்கள் என்று கேட்கட்டும். யாருடைய இலக்கமும் அதற்குத் தேவையில்லை.